விவாத மேடைக்குப் போகும் அகராதி: ஸ்ட்ராங்கின் எபிரெயப் பகுதி குறித்து ஒரு மதிப்புரை

வேதாகமம் நம்பத்தக்கதா என்ற விவாதம் தமிழில் எங்கே நடந்தாலும், சற்று நேரத்திற்குள் யாராவது ஒருவர் "மூல எபிரெயத்தில் இந்தச் சொல்லுக்கு வேர் என்ன தெரியுமா?" என்று தொடங்கிவிடுகிறார். அப்படித் தொடங்குகிறவர் கிறிஸ்தவப் போதகராகவும் இருக்கலாம், இஸ்லாமிய அழைப்பாளராகவும் இருக்கலாம், பகுத்தறிவாளராகவும் இருக்கலாம். மூவர் கையிலும் பெரும்பாலும் இருப்பது ஒரே நூல்தான். அமெரிக்காவில் நியூ ஜெர்சி மாநிலத்தின் ட்ரூ இறையியல் கல்லூரியில் பேராசிரியராக இருந்த ஜேம்ஸ் ஸ்ட்ராங் 1890இல் வெளியிட்ட ஒத்தவாக்கிய அகராதியும், அதன் இறுதியில் சேர்க்கப்பட்டுள்ள எபிரெயச் சொல் அகராதியுமே அந்த நூல். காப்புரிமைக் காலம் முடிந்து நெடுநாளாகிவிட்டதால் இன்று அது கைப்பேசிச் செயலிகளிலும் இணையதளங்களிலும் இலவசமாகக் கிடைக்கிறது. "ஸ்ட்ராங் எண்" என்ற பெயரில் சபைக் கூட்டங்களிலும் புழங்குகிறது. விவாதத்தில் இதன் மேல் ஏற்றப்படும் பாரத்தை இந்த எபிரெயப் பகுதி தாங்குமா என்பதே இங்கே என் கேள்வி. தேடுகருவி என்ற அளவில் இதற்கு இணையாக எளிமையான ஒன்று இன்றும் இல்லை. சொற்பிறப்பைச் சொல்லித் தீர்ப்பளிக்கும் நூல் என்ற அளவில் இதை நம்பி மேடையேறக் கூடாது. இந்த முடிவுக்கான காரணங்களை நூலின் பதிவுகளைக் கொண்டே காட்ட முடியும்.

நூலின் பெரும்பகுதி, 1611இல் வெளிவந்த கிங் ஜேம்ஸ் ஆங்கில மொழிபெயர்ப்பில் வரும் சொற்களை அகர வரிசையில் அடுக்கி, ஒவ்வொன்றும் எந்தெந்த வசனத்தில் வருகிறது என்று காட்டும் பட்டியலாகும். ஒவ்வொரு வசனத்திற்கும் எதிரே ஓர் எண் இருக்கும். அந்த எண்ணை எடுத்துக்கொண்டு பின்பகுதிக்குப் போனால், அங்கே மூலச்சொல் விளக்கப்பட்டிருக்கும். எபிரெயத்திற்கும் பழைய ஏற்பாட்டின் அரமேயப் பகுதிகளுக்குமாகச் சேர்த்து 8674 எண்கள் தரப்பட்டுள்ளன. கணினி இல்லாத காலத்தில் கையாலேயே செய்து முடிக்கப்பட்ட வேலை இது என்பதை நினைத்தால் மலைப்பாக இருக்கிறது. எபிரெய எழுத்துகூடத் தெரியாத ஒருவர், ஆங்கிலத்தில் ஒரே சொல்லாகத் தோன்றுவது மூலத்தில் இரண்டு வெவ்வேறு சொற்கள் என்பதைச் சில நிமிடங்களில் கண்டுபிடித்துவிட முடிகிறது. கன்னி என்ற பொருளுள்ள ஆங்கிலச் சொல்லைத் தேடினால், பழைய ஏற்பாட்டில் சில இடங்களில் 1330 என்ற எண்ணும் சில இடங்களில் 5959 என்ற எண்ணும் வரும். முன்னது "பெத்தூலா", பின்னது "அல்மா". இந்த ஒரு வசதிக்காகவே நூலைப் பாராட்டலாம். தமிழ் வாசகருக்கு மட்டும் ஒரு தடங்கல் உண்டு: இந்த எண்கள் கட்டப்பட்டிருப்பது கிங் ஜேம்ஸ் ஆங்கிலத்தின்மேல் என்பதால், தமிழ் வேதாகமத்திலிருந்து நேரே எபிரெயத்திற்குப் போக வழியில்லை, ஆங்கிலத்தைச் சுற்றிக்கொண்டுதான் போகவேண்டும்.

சிக்கல் தொடங்குவது பின்பகுதியின் பதிவுகளில். ஒவ்வொரு பதிவிலும் எண், எபிரெயச் சொல், அதன் உச்சரிப்பு, எந்த வேரிலிருந்து வந்தது என்ற குறிப்பு, ஒரு வரி விளக்கம் ஆகியவை இருக்கும். அதன் பிறகு ஒரு முக்காற்புள்ளியும் கோடும் வரும். அந்தக் கோட்டுக்குப் பின்னால் இருப்பவை சொல்லின் பொருள்கள் அல்ல; கிங் ஜேம்ஸ் மொழிபெயர்ப்பாளர்கள் அந்த எபிரெயச் சொல்லுக்கு எங்கெங்கோ பயன்படுத்திய ஆங்கிலச் சொற்களின் பட்டியல். கூட்டல் குறி, பெருக்கல் குறி, பிறை அடைப்பு, சதுர அடைப்பு ஆகிய ஒவ்வொன்றுக்கும் ஒரு பொருளுண்டு என்று அகராதியின் தொடக்கத்தில் ஸ்ட்ராங் விளக்கியிருக்கிறார். இலவசச் செயலிகளில் பெரும்பாலும் அந்த விளக்கப் பக்கம் வாசகர் கண்ணில் படுவதில்லை. அதனால் கோட்டுக்குப் பின்னால் உள்ள பட்டியலை எபிரெயச் சொல்லின் அகராதிப் பொருளென்று எண்ணி, தமக்குப் பிடித்த ஒன்றை எடுத்துக்கொண்டு "மூலத்தில் இப்படியும் பொருளுண்டு" என்று வாதிடுவது வழக்கமாகிவிட்டது.

இதற்கு நான் கண்ட மிகத் தெளிவான எடுத்துக்காட்டு 738ஆம் எண். சொல் "அரீ", பொருள் சிங்கம். ஆனால் அந்தப் பதிவின் இறுதியில், சிங்கம் என்பதற்கு அடுத்தபடியாக, ஒரு கூட்டல் குறியோடு "குத்து" என்ற பொருளுள்ள ஆங்கில வினைச்சொல்லும், அது ஓரக்குறிப்பிலிருந்து வந்தது என்ற சுருக்கமும் அச்சிடப்பட்டுள்ளன. எபிரெயத்தில் சிங்கத்தைக் குறிக்கும் சொல்லுக்குக் குத்துதல் என்ற பொருள் எப்படி வந்தது? வரவில்லை. 22ஆம் சங்கீதம் 16ஆம் வசனத்தில் தமிழ் வேதாகமம் "என் கைகளையும் என் கால்களையும் உருவக் குத்தினார்கள்" என்கிறது. கிங் ஜேம்ஸ் மொழிபெயர்ப்பும் அவ்வாறே. ஆனால் யூத எழுத்தர்கள் காத்துவந்த மசோரா மரபின் எபிரெய மூலத்தில் அந்த இடத்தில் எழுதப்பட்டிருப்பது "காஅரீ", அதாவது "சிங்கத்தைப்போல". ஆங்கிலத்தில் வந்துவிட்ட குத்துதலுக்கு அகராதியில் ஓர் இடம் கொடுத்தாகவேண்டும் என்பதால், மூலத்தில் அந்த இடத்தில் நிற்கும் சிங்கத்தின் கீழ் ஸ்ட்ராங் அதைச் சேர்த்தார். பட்டியலிடுகிறவர் என்ற வகையில் அவர் செய்தது நேர்மையான வேலை. அதை ஒரு மொழியியல் சான்றாக மேடையில் நீட்டுவதுதான் தவறு.

அதே பதிவில் சிங்கம் என்ற சொல் 717ஆம் எண்ணிலிருந்து, "வன்முறை என்ற கருத்தில்" பிறந்ததாக ஒரு குறிப்பும் இருக்கிறது. 717ஐப் புரட்டினால் அது "பறித்தல், கொய்தல்" என்ற வினை. பழம் பறிக்கும் வினையிலிருந்து சிங்கம் எப்படிப் பிறந்தது என்பதற்கு நூலில் எந்தச் சான்றும் தரப்படவில்லை. நூலின் பிற வேர்க்குறிப்புகளையும் வாசகர் இந்த அளவுக்கு ஐயத்தோடு அணுகுவது நல்லது.

உண்மையில் 22ஆம் சங்கீதத்தின் வழக்கு சொற்பிறப்பு வழக்கே அல்ல. அது பாடபேத வழக்கு. இறுதியில் நிற்பது "யோத்" என்ற எழுத்தா, "வாவ்" என்ற எழுத்தா என்பதே கேள்வி. யோத் என்றால் சிங்கம், வாவ் என்றால் வினைச்சொல். கிரேக்க மொழிபெயர்ப்பான செப்துவஜிந்த் "தோண்டினார்கள்" என்று வினையாகவே மொழிபெயர்த்தது. யூதேயப் பாலைநிலத்தின் நகால் ஹெவர் பகுதியில் கிடைத்த, முதலாம் நூற்றாண்டைச் சேர்ந்ததாகக் கருதப்படும் சங்கீதச் சுருளில் இறுதி எழுத்து வாவ் என்றே வாசிக்கப்படுகிறது. ஆனால் தோண்டுதலைக் குறிக்கும் "காரா" என்ற வினைக்குத் தேவையில்லாத "ஆலெஃப்" என்ற எழுத்து அந்தச் சொல்லின் நடுவில் நிற்பதால், அந்த வடிவமும் முழுமையாக இடறலற்றது அல்ல. யூதர்கள் திருத்திவிட்டார்கள் என்று ஒரு தரப்பும் கிறிஸ்தவர்கள் திருத்திவிட்டார்கள் என்று இன்னொரு தரப்பும் குற்றஞ்சாட்டும் இடத்தில், பேசவேண்டியது இந்தக் கையெழுத்துச் சான்றுகளைப் பற்றித்தான். அவற்றில் ஒன்றைக்கூட ஸ்ட்ராங்கின் 738ஆம் பதிவு காட்டாது. காட்டவும் முடியாது, ஏனெனில் யூதேயப் பாலைநிலத்தின் சுருள்கள் 1947 முதல்தான் வெளியே வரத் தொடங்கின.

வேறொரு குறை இதைவிட நுட்பமானது. பெயர்ச்சொற்களுக்கு ஸ்ட்ராங் தரும் பிறப்பு பல இடங்களில் வேதாகமக் கதையிலிருந்தே எடுக்கப்பட்டது. 894ஆம் எண் பாபேல்: "1101லிருந்து, குழப்பம்" என்கிறது பதிவு. 1101 என்பது "பாலல்", கலத்தல் அல்லது குழப்புதல். ஆதியாகமம் 11:9 சொல்லும் விளக்கமும் இதுவே. ஆனால் பாபிலோன் என்று நாம் அறியும் அந்த நகரத்தார் தங்கள் ஊர்ப் பெயரைத் தங்கள் அக்காத் மொழியில் "பாப் இலி" என்று எழுதி, "கடவுளின் வாயில்" என்றே பொருள்கொண்டார்கள். 4872ஆம் எண் மோசே: 4871ஆம் எண்ணான "மாஷா" (இழுத்தெடு) என்பதிலிருந்து, தண்ணீரிலிருந்து எடுக்கப்பட்டவர் என்கிறது பதிவு. யாத்திராகமம் 2:10இல் பார்வோனின் குமாரத்தி சொல்வதும் அதுவே. ஆனால் இலக்கணப்படி "மோஷே" என்ற வடிவம் எடுக்கப்பட்டவரைக் குறிக்காமல் எடுப்பவரைக் குறிக்கிறது. துத்மோஸ், ராம்சேஸ் முதலிய எகிப்தியப் பெயர்களில் வரும் "பிறந்தவன்" என்ற பொருளுள்ள பகுதியோடு அறிஞர்கள் பலர் அதை இணைக்கிறார்கள். இந்நிலையில் ஆதியாகமம் சொல்வது சரி என்பதற்கு ஸ்ட்ராங்கைச் சாட்சிக்கு அழைப்பது வேலிக்கு ஓணான் சாட்சி என்ற கதைதான், ஏனெனில் அந்த அகராதி ஆதியாகமத்தைப் பார்த்துத்தான் அதை எழுதியது.

மறுதரப்பும் இங்கே துள்ள வேண்டியதில்லை. "பாபேலுக்கு வேதாகமம் தப்பான வேர் சொல்லிவிட்டது, ஆகவே நூல் முழுவதும் பொய்" என்பது பகுத்தறிவு மேடைகளில் கேட்கும் வாதம். ஆதியாகமத்தின் ஆசிரியர் அகராதி எழுதிக்கொண்டிருக்கவில்லை. வானளாவிய கோபுரத்தைத் தங்கள் பெருமையாகக் கருதிய ஒரு பேரரசின் தலைநகரப் பெயரை, ஒலி ஒப்புமையைக் கொண்டு எள்ளி நகையாடுகிறார். கடவுளின் வாயில் என்று அவர்கள் சொல்லிக்கொண்டதை இவர் உளறல் என்று மாற்றிச் சொல்கிறார். நம் தலபுராணங்களில் ஊர்ப்பெயருக்குச் சொல்லப்படும் காரணங்களை வாசித்துப் பழகியவர்களுக்கு இந்த முறை புதிதாக இராது. அந்தப் பெயர்க்காரணத்தின் மொழியியல் பிழை, கோபுரம் இருந்ததா இல்லையா என்ற கேள்வியை எந்தப் பக்கமும் நகர்த்துவதில்லை.

இந்தப் பின்னணியோடு 5959ஆம் எண்ணுக்கு வருவோம். தமிழில் இதைவிட அதிகமாக இழுக்கப்பட்ட எபிரெயச் சொல் வேறில்லை. ஏசாயா 7:14இல் "இதோ, ஒரு கன்னிகை கர்ப்பவதியாகி" என்று நாம் வாசிக்கும் இடத்தில் மூலச்சொல் "அல்மா". ஸ்ட்ராங் இதற்கு "இளம்பெண்" என்று பொருள் தந்துவிட்டு, "மறைக்கப்பட்டவள் அல்லது தனித்து வைக்கப்பட்டவள் என்ற கருத்தில்" என்று அடைப்புக்குறிக்குள் சேர்த்திருக்கிறார். காரணம், மறைத்தல் என்ற பொருளுள்ள "ஆலம்" (5956) என்ற வினையை அவர் வேராகக் கொண்டார். இந்த அடைப்புக்குறி ஒன்றை வைத்து எத்தனை பிரசங்கங்கள் கட்டப்பட்டுள்ளன! முக்காடிட்டவள், ஆண் முகம் பாராதவள், ஆகவே கன்னி என்று படிப்படியாக ஏறிப்போகும் வாதத்தின் அடிக்கல் இதுதான்.

அந்த அடிக்கல் பெயர்ந்து நெடுநாளாகிறது. எபிரெய நெடுங்கணக்கின் "அயின்" என்ற ஒரே எழுத்து, பழைய செமித்திய மொழியில் தனித்தனியாக இருந்த இரண்டு தொண்டையொலிகளைச் சுமக்கிறது. எபிரெய எழுத்தில் இரண்டும் ஒன்றாகத் தெரியும். அரபியிலும், சிரியாவில் வழங்கிய பழைய உகாரித் மொழியிலும் தனித்தனி எழுத்துகளாக இருக்கும். அல்மா அவற்றில் ஓர் ஒலியைச் சேர்ந்தது; மறைத்தல் என்ற வினை அதிலிருந்து வேறான வேர் என்றே அறிஞர்கள் பலர் கொள்கிறார்கள். அரபியில் அல்மாவின் உறவுச்சொல் இளைஞனைக் குறிக்கும் "குலாம்". நம்மூர் முஸ்லிம் குடும்பங்களில் குலாம் காதர், குலாம் மைதீன் என்று வழங்கும் பெயர்களின் முதற்பகுதி அதுவே. 1906இல் வெளிவந்த பிரவுன், டிரைவர், பிரிக்ஸ் ஆகிய மூவரின் எபிரெய அகராதியே இந்த இரு வேர்களையும் பிரித்துவைத்துவிட்டது. பின்னர் சிரியாவின் ராஸ் ஷம்ராவில் 1929இல் தொடங்கிய அகழாய்வு உகாரித் பலகைகளை வெளியே கொண்டுவந்தது. நிக்கல் என்ற தேவிக்கும் நிலாத் தேவனுக்கும் நடக்கும் திருமணத்தைப் பாடும் பலகையில், "இதோ, இளம்பெண் ஒரு மகனைப் பெறுவாள்" என்ற வரி, ஏசாயாவின் வாக்கியத்திற்கு வியப்பூட்டும் நெருக்கத்தோடு, அல்மாவின் உறவுச்சொல்லைக் கொண்டே அமைந்திருக்கிறது.

சரி, வேரை விட்டுவிட்டு வழக்கைப் பார்ப்போம். அதற்கு ஸ்ட்ராங்கின் முன்பகுதி மிக நன்றாகவே உதவுகிறது. பாடல் தலைப்பிலும் இசைக் குறிப்பிலும் வரும் வடிவங்களை நீக்கினால், அல்மா பழைய ஏற்பாட்டில் ஏழு இடங்களில் வருகிறது. அவற்றில் நான்கை மட்டுமே கிங் ஜேம்ஸ் கன்னி என்று மொழிபெயர்க்கிறது. மற்ற மூன்றிலும் வெறும் இளம்பெண் என்ற பொருளிலேயே நிறுத்திக்கொள்கிறது. ஆதியாகமம் 24இல் ரெபெக்காளை 43ஆம் வசனம் அல்மா என்கிறது. அவளைப் பற்றி "புருஷனை அறியாதவள்" என்று வெளிப்படையாகச் சொல்லவேண்டி வந்த 16ஆம் வசனமோ பெத்தூலா என்கிறது. ஆகவே அல்மா இளமையைச் சொல்லும் சொல். கன்னிமையை மறுக்கவும் இல்லை, உறுதிசெய்யவும் இல்லை. இதைக் கேட்டவுடன் மறுதரப்பு, "பெத்தூலாதான் கன்னிக்கு உரிய சொல், ஏசாயா அதைப் பயன்படுத்தவில்லை" என்று வெற்றிக்கொடி நாட்டும். யோவேல் 1:8இல் தன் இளவயதின் புருஷனுக்காகப் புலம்புகிறவளும் பெத்தூலாதான். கிரேக்கச் சொல்லான "பார்த்தெனோஸ்" மட்டும் ஐயத்திற்கு இடமின்றிக் கன்னியைக் குறிக்கும் என்போரும், ஆதியாகமம் 34:3இல் சீகேமால் கெடுக்கப்பட்ட பிறகும் தீனாளைச் செப்துவஜிந்த் பார்த்தெனோஸ் என்றே அழைப்பதைக் கவனிக்கவேண்டும். சவக்கடலருகே கும்ரானில் கிடைத்த பெரிய ஏசாயாச் சுருளில் 7:14இன் சொல் அல்மாவாகவே இருக்கிறது. எனவே அந்தச் சுருள் எழுதப்பட்ட கி.மு. இரண்டாம் நூற்றாண்டளவிலிருந்து அந்தச் சொல் மாற்றப்படவில்லை என்பதைத் திருத்தம் நடந்தது என்று குற்றஞ்சாட்டுவோர் ஏற்கவேண்டும். மத்தேயு 1:23 கிரேக்க மொழிபெயர்ப்பின் வழியே இந்த வசனத்தை எடுத்தாள்கிறது. அவர் எடுத்தாண்ட முறை சரியா என்பது வியாக்கியானம் குறித்த கேள்வி. அதற்கு விடை எபிரெய வேரில் கிடைக்காது.

ஒரு சொல் பிறந்த இடமே அதன் பொருள் என்று கொள்வதிலுள்ள தவறைத் தமிழர்களுக்கு விளக்குவது எளிது. எள்ளின் நெய்தான் எண்ணெய். தேங்காய் எண்ணெய் என்று சொல்கிறவரை எள்ளில்லாததை எள்ளென்று சொல்லும் பொய்யர் என்று யாரும் பிடிப்பதில்லை. மண்ணெண்ணெய்க்குக்கூட நாம் வழக்குப் போடுவதில்லை. எபிரெயத்தில் மட்டும் ஏன் பிடிக்கவேண்டும்? ஸ்காட்லாந்துக்காரரான ஜேம்ஸ் பார் 1961இல் வேதாகம மொழியின் பொருளியல் குறித்து எழுதிய நூல் இந்தப் போக்கை இறையியல் அகராதிகளிலேயே எடுத்துக்காட்டிக் கண்டித்தது. அதன்பின் பல்கலைக்கழக வட்டாரத்தில் வேரை வைத்து இறையியல் பேசுவோர் அடங்கிப்போனார்கள். மேடைகளுக்கு அந்தச் செய்தி இன்னும் வந்து சேரவில்லை.

"ரகியா" (7549) இதற்கு நல்ல சோதனை. ஆதியாகமம் 1:6இல் தமிழ் வேதாகமம் "ஆகாயவிரிவு" என்று மொழிபெயர்க்கும் இந்தச் சொல், உலோகத்தை அடித்துத் தகடாக்குதல் என்ற வினையோடு தொடர்புடையது. யாத்திராகமம் 39:3இல் பொன்னைத் தகடாக அடிப்பதற்கு அதே வினை வருகிறது. ஆகவே வேதாகமம் வானத்தை உலோகக் கவிகை என்கிறது, அறிவியலுக்கு முரணானது என்பது ஒரு வாதம். அதே வினை ஏசாயா 42:5இல் பூமியைப் பரப்புவதற்கும் வருகிறதே, அங்கே உலோகம் எங்கே என்பது பதில் வாதம். வேரை மட்டும் வைத்துக்கொண்டால் இரண்டு பேரும் நாள் முழுவதும் பேசலாம். அக்கால மக்கள் வானத்தை எப்படி எண்ணினார்கள் என்பதற்கு, வானத்தை வார்க்கப்பட்ட கண்ணாடியைப்போல் உறுதியானது என்று சொல்லும் யோபு 37:18 போன்ற இடங்கள் வேரைக்காட்டிலும் பெரிய சான்று. அவற்றைப் பார்த்தால், என் கருத்தில், திடமான வானம் என்ற எண்ணம் அவர்களிடம் இருந்தது என்போர் பக்கமே தராசு சாய்கிறது.

சிவந்த சமுத்திரம் என்று நாம் வாசிக்கும் "யாம் சூஃப்" குறித்து அதிகம் சொல்லவேண்டியதில்லை. சூஃப் (5488) என்றால் நாணல். ஆகவே இஸ்ரவேலர் கடந்தது கணுக்கால் அளவு நாணற்குட்டை என்று சொல்லிச் சிரிப்பவர்கள், சாலொமோன் கப்பல் கட்டிய எசியோன்கேபேர் அதே யாம் சூஃபின் கரையில் இருந்ததாக 1 இராஜாக்கள் 9:26 சொல்வதை அதே ஸ்ட்ராங் பட்டியலில் பார்த்திருக்கலாம். நாணற்குட்டையில் கப்பற்படை மிதக்காது.

சொற்பிறப்பு உண்மையிலேயே நம்பகத்தன்மை விவாதத்திற்கு உதவும் ஓர் இடம் உண்டு. அது கடன்சொற்கள். ஒரு நூலில் பிறமொழிச் சொல் வந்தால், அந்த மொழியோடு தொடர்பு ஏற்பட்ட பிறகே அந்த வரி எழுதப்பட்டிருக்கவேண்டும் என்று காலத்தைக் கணிக்க முடிகிறது. தானியேல் 3:5இல் தமிழ் வாசகர் கின்னரம், சுரமண்டலம், தம்புரு என்று வாசித்துவிட்டுப் போகும் மூன்று கருவிகளின் மூலப்பெயர்களும் கிரேக்கச் சொற்கள். நேபுகாத்நேச்சாரின் அரசவையில் அவை எப்படி ஒலித்தன என்ற கேள்வி தமிழில் எழவே வாய்ப்பில்லை. ஸ்ட்ராங் இந்தச் சொற்களைக் கிரேக்கத்திலிருந்து வந்தவை என்று நேர்மையாகவே குறித்திருக்கிறார். மேலே சொன்ன 1906 எபிரெய அகராதியின் ஆசிரியர் மூவரில் ஒருவரான டிரைவர், 1891இல் வெளியிட்ட பழைய ஏற்பாட்டு அறிமுக நூலில், இந்தச் சொற்களைக் காட்டியே தானியேலின் நூல் அலெக்சாந்தரின் படையெடுப்புக்குப் பிந்தையது என்று வாதிட்டார். கிரேக்க வணிகரும் கூலிப்படையினரும் அதற்கு முன்பே கிழக்கே வந்திருந்தார்கள் என்று எகிப்தியவியல் அறிஞர் கென்னத் கிச்சன் 1965இல் பதில் எழுதினார். வேரை வைத்து நடத்தத்தக்க விவாதத்தின் மாதிரி இதுவே: இரு தரப்பும் சொல்லின் பயணத்தையும் வரலாற்றையும் பேசுகின்றன, சொல்லுக்குள் மறைபொருள் தேடவில்லை.

இதே வகையில் நமக்கு நெருக்கமான ஒரு பதிவு 8500. சாலொமோனின் கப்பல்கள் மூன்று வருஷத்துக்கு ஒருமுறை கொண்டுவந்த பொருள்களில், 1 இராஜாக்கள் 10:22 மயில்களைக் குறிக்க "துக்கீம்" என்கிறது. ஸ்ட்ராங் இதற்கு "அநேகமாக அயல்மொழிச் சொல், இறக்குமதியான ஏதோ ஓர் உயிரினம், அநேகமாக மயில்" என்று மூன்று ஐயங்களோடு எழுதி முடிக்கிறார். கால்டுவெல் 1856இல் வெளியிட்ட ஒப்பிலக்கணத்தில் இதைத் தமிழின் தோகையோடு இணைத்தார்; அன்று முதல் தமிழ் மேடைகளில் இது சாலொமோனின் காலத்துக்கும் தமிழின் தொன்மைக்கும் ஒருசேரச் சான்றாகிவிட்டது. இணைப்பு ஏற்கத்தக்கதே. ஆனால் இராஜாக்கள் நூல் யோயாக்கீன் பாபிலோன் சிறையிலிருந்து விடுவிக்கப்பட்ட செய்தியோடு முடிகிறது. அதனால் அதன் இறுதி வடிவம் கி.மு. ஆறாம் நூற்றாண்டுக்கு முந்தையதாக இருக்க முடியாது. தோகை எபிரெயத்துக்குள் புகுந்தது சாலொமோன் காலத்திலா அதற்குப் பிறகா என்று சொல் மட்டும் சொல்லாது. எகிப்திய மொழிவழி வந்த ஒரு குரங்கினத்தின் பெயரே அது என்போரும் உண்டு. இவ்வளவும் தெரிந்து அடக்கி எழுதிய ஸ்ட்ராங்கின் அந்த ஒரு வரி, அவரை மேற்கோள் காட்டும் பல மணிநேரப் பேச்சுகளைக்காட்டிலும் எனக்குப் பிடித்திருக்கிறது.

வாங்க நினைப்பவர்களுக்குச் சில வார்த்தைகள். அச்சு நூல் பெரிது, எழுத்து பொடி, கண்ணாடி இல்லாமல் வாசிப்பது கடினம். ஆனால் குறிகளின் விளக்கப் பக்கம் கையில் இருக்கும் என்பது ஒரு நன்மை. இலவசமாகப் போதும் என்பவர்கள், கேம்பிரிட்ஜின் டின்டேல் ஹவுஸ் உருவாக்கிய ஸ்டெப் பைபிள் தளத்தைப் பயன்படுத்தலாம். எண்களின் வசதியும் இருக்கிறது, விளக்கங்களும் ஸ்ட்ராங்கின் ஒற்றை வரியோடு நிற்பதில்லை. யூத மரபின் உரைகளோடு சேர்த்துப் பார்க்க விரும்புவோருக்கு செஃபாரியா தளம் உண்டு. அங்கே எபிரெயச் சொல்லைத் தொட்டால் பிரவுன், டிரைவர், பிரிக்ஸ் அகராதியின் பதிவு திறக்கும். அந்த அகராதி வேர்வாரியாக அடுக்கப்பட்டது என்பதால் அச்சில் புதியவருக்கு வழி தெரியாமல் திணறடிக்கும், உகாரித் சான்றுகளும் அதில் இல்லை. டேவிட் கிளைன்ஸ் ஷெஃபீல்டிலிருந்து தொகுத்த பல்தொகுதி எபிரெய அகராதி சவக்கடல் சுருள்களின் வழக்கையும் சேர்த்துத் தருகிறது. ஒருவர் தனியாக வாங்கும் விலையில் அது இல்லை, இறையியல் கல்லூரி நூலகங்களில்தான் தேடிப் பார்க்கவேண்டும். மேடையில் வாதிடப் போகிறவர், ஸ்ட்ராங் எண்ணைக் கொண்டு சொல் வரும் எல்லா வசனங்களையும் முதலில் எடுத்து வாசித்துவிட்டு, "வேர்" என்ற குறிப்பை இந்த நூல்களில் ஒன்றோடாவது ஒப்பிட்ட பிறகே ஒலிவாங்கியைத் தொடட்டும்.